எதிரொலியின்மை எதற்குச் சான்று?

ஒரு பொருள் காணப்படவில்லை என்பதைக் கொண்டே அப்பொருள் இல்லை என்று முடிவுகட்டலாமா என்னும் வினா இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் வாதிக்கப்பட்டது. கடவுள் உண்டா என்னும் வழக்கில் அது நேராகப் போய் முட்டுவதால், ஆத்திகரும் நாத்திகரும் அதைத் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டனர். தருக்க நூல்கள் எடுத்துக்காட்டும் குடமில்லாத தரை இன்றைய மாணவருக்கு அலுப்பூட்டினால், பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஆர்டுயினோ பலகையுடன் இணைத்து வைக்கப்படும் எளிய மீயொலி உணரி அதே சிக்கலை அவர் கண்முன் நிறுத்தும்.

எச்.சி.-எஸ்.ஆர்.04 என்னும் அவ்வுணரியின் முகப்பில் உள்ள இரு வட்ட உலோகக் குவளைகளைப் பலரும் கண்கள் என்றே சொல்வர். உண்மையில் ஒன்று வாய், மற்றொன்று செவி. நுண்கட்டுப்படுத்தி, அதாவது எழுதப்பட்ட கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றும் சிறு கணிப்பான், 10 மைக்ரோ நொடி நீளமுள்ள மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்ததும், அந்த வாய் மனிதச் செவிக்கு எட்டாத 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் எட்டு அலைகளை வெளியிடுகிறது. அவை எதிரே உள்ள பொருளில் பட்டுச் செவிக்குத் திரும்பும் வரை கழிந்த காலமே கருவிக்குக் கிடைக்கும் ஒரே செய்தி. ஒரு மீட்டர் தொலைவில் சுவர் இருந்தால் அக்காலம் ஏறத்தாழ 5,800 மைக்ரோ நொடி. அதை 58ஆல் வகுத்தால் 100 என்னும் சென்டிமீட்டர்க் கணக்கு வருகிறது.

ஆகவே திரையில் தோன்றும் எண் காட்சி அன்று; காலம் என்னும் ஏதுவைக் கொண்டு தொலைவைக் கருதி அறியும் அனுமானம். ஏது என்பது, மலையில் தீ உண்டென்று அறியப் புகை உதவுவதுபோல், காணாததை அறியத் துணையாகும் அடையாளம். தீ உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று ஒருவர் பொதுவிதி சொன்னால், ஈரவிறகு இருந்தால்தான் புகை எழும் என்று நியாய நூலார் திருத்துவர். அவ்வாறு விதியினுள் மறைந்து நிற்கும் கட்டுப்பாட்டுக்கு உபாதி என்று பெயர். 58 என்ற எண்ணிலும் ஓர் உபாதி ஒளிந்துள்ளது. அது 20 பாகை செல்சியசுக்கு அண்மையான காற்றில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும் நிலைக்கு உரியது. 35 பாகை வெயிலில் ஒலி இன்னும் விரைந்து சென்று திரும்புவதால், இரண்டு மீட்டர் தொலைவை அதே கணக்கு 4 செ.மீ.க்கும் மேல் குறைத்துக் காட்டும்.

இது திருத்தக்கூடிய பிழை. எதிரொலியே வராதபோது நேர்வதுதான் ஆழமானது. குறித்த நேரத்துக்குள் மறுமொழி கிட்டாவிடில், காலத்தை அளக்கும் பல்ஸ்இன் என்னும் கட்டளை சுழியத்தைத் திருப்பித் தருகிறது. அதை 58ஆல் வகுத்தாலும் சுழியமே என்பதால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் 0 செ.மீ. என்று திரையில் காட்டிவிடும். ஒன்றும் கேட்கவில்லை என்பது, பொருள் முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மாறிவிடுகிறது! நிரலைத் திருத்தி, சுழியம் வந்தால் எதிரே எதுவும் இல்லை என்று எழுதச் செய்தாலும் வழு தீர்வதில்லை. தடித்த கம்பளித் திரை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், 8.6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள அவ்வொலிக்கு வழவழப்பான பலகை கண்ணாடி போன்றதாகையால், சாய்த்து வைத்த பலகை அதனை வேறு திசைக்குத் திருப்பிவிடும். இரண்டும் ஒரு மீட்டர் தொலைவிலேயே இருக்க, கருவி வெறுமையைக் காணும்.

இந்த இடத்தைத்தான் 7ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி கூர்ந்து நோக்கினார். ஏதுவை இயல்பு, காரியம், அநுபலப்தி என மூவகையாக்கிய அவர், காணாமை எனப் பொருள்படும் அநுபலப்திக்கு ஒரு வரம்பு கட்டினார்; இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்னும் தகுதி உடைய பொருளின் காணாமையே அதன் இன்மைக்குச் சான்றாகும். மீமாம்சை அறிஞர் குமாரிலபட்டரின் வழிவந்தோர் காணாமையைத் தனி அளவையாக, அதாவது அறியும் வழியாகக் கொள்ள, நியாயத்தார் இன்மையும் புலனாலேயே அறியப்படும் என்றனர். அந்தப் பூசலைவிடத் தகுதி என்னும் இந்த ஒரு சொல்லே பெறுமதி மிக்கது. ஏதுவின் இம்மூவகைப் பகுப்பு 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரிலும் இடம்பெறுகிறது. குளிர் இல்லாமை கொண்டு பனி இல்லாமையை அறிவது அங்குள்ள எடுத்துக்காட்டு. உணரிக்கும் இதே வரம்புதான். இரண்டு மீட்டருக்குள் தன்னை நேர்நோக்கிய கெட்டியான சுவர் இல்லை என்று அதன் மௌனத்தைக் கொண்டு சொல்லலாம். எதுவுமே இல்லை என்று சொல்ல முடியாது.

கடவுள் வழக்கில் இவ்வரம்பை முழு வலுவோடு பயன்படுத்தியவர், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த நியாய அறிஞர் உதயணர். கைப்பிடி மலர் எனப் பொருள்படும் நியாயகுசுமாஞ்சலியின் ஐந்து கொத்துகளுள் மூன்றாவதில், புலனுக்கு எட்டும் தகுதியே இல்லாத ஈசுவரனைப் புலன் காணவில்லை என்பது மறுப்பாகாது என்கிறார். அப்படியானால் முயற்கொம்பையும் மறுக்க முடியாதே என்று எதிரி மடக்கும்போது, கொம்பு கண்ணுக்குத் தகுதியுடைய பொருள், ஆதலால் முயல் தலையில் அதைக் காணாமை அதன் இன்மையைக் காட்டிவிடும் என்று விடை தருகிறார். விடை சரியானதே. எனினும் ஒரு பொருளின் தகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால், எந்தக் கற்பனையையும் மறுப்புக்கு எட்டாமல் ஒளித்துவைக்க இந்த வழி இடம் கொடுக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை. கம்பளித் திரை இருக்கக்கூடும் என்பதால் திரை இருக்கிறது என்று ஆகிவிடாது. உதயணர் இதை அறியாதவர் அல்லர். மூன்றாம் கொத்தோடு நூலை முடிக்காமல், உலகம் ஒரு காரியமாதலின் அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்பது முதலான நேர்ச்சான்றுகளுக்காக ஐந்தாம் கொத்தை அவர் தனியே எழுத வேண்டியிருந்தது.