தாளுக்குள் ஒரு பாட்டில்

விலை கூடிய ஒயின் பாட்டிலைச் சுற்றியிருக்கும் மெல்லிய தாள் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. ஒயினுக்கு வெளிச்சம் ஆகாது. அதில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் வாங்கிக்கொண்டு மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது. கந்தகச் சேர்மங்கள் பிறக்கின்றன. பழவாசனை மங்கி, வெந்த முட்டைக்கோஸ் வாடை எழுகிறது. வெயிலில் சில மணி நேரமே இதற்குப் போதும். சிவப்பு ஒயினை அதன் துவர்ப்புப் பொருளான டானின் ஓரளவு காப்பாற்றிவிடும். வெள்ளை ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும் அந்தத் துணை குறைவு.

பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியை நன்றாகத் தடுக்கும், பச்சை ஓரளவு தடுக்கும், நிறமற்றது அநேகமாகத் தடுக்காது. ஆனாலும் தெளிந்த கண்ணாடிமேல் உள்ள ஆசை யாரையும் விடவில்லை. 1876இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டருக்காக லூயி ரோடரர் நிறுவனம் செய்த கிறிஸ்டல் ஷாம்பெயின், தெளிந்த பாட்டிலில், தட்டையான அடியோடு போனது. குழிந்த அடியில் வெடிகுண்டை ஒளித்துவிடுவார்களோ என்று அவர் அஞ்சியதாகச் சொல்வார்கள். 1881இல் தெருவில் வீசப்பட்ட குண்டுதான் அவர் உயிரைக் கொண்டுபோனது. பாட்டில் மட்டும் அதே வடிவில் நிலைத்துவிட்டது. இன்று பொன்னிற செலோஃபேன் தாள் சுற்றிக்கொண்டு வருகிறது.

2020இல் ருய்னார் என்ற ஷாம்பெயின் நிறுவனம் தன் தெளிந்த பாட்டிலுக்கு முழுக்கக் காகிதத்தாலான உறை ஒன்றைக் கொண்டுவந்தது. முந்தைய பரிசுப் பெட்டியைவிட 9 மடங்கு எடை குறைவு. காகிதத்தை நம்பி இவ்வளவு தூரம் போனது எனக்கு மகிழ்ச்சி.

என் மனம் தயங்குவது நிலவறையில்தான். பிரான்சின் போர்தோ ஒயின்கள் மரப்பெட்டியில் படுத்தபடி வரும். வண்டியில் உரசி லேபிள் கிழியாமல் தாள் காக்கிறது; அதுவரை நல்லது. பிறகு பெட்டி இருட்டறைக்குள் போய்விடுகிறது. அங்கே வெளிச்சமே இல்லை, தாளுக்கு வேலையும் இல்லை. ஆனால் தக்கை காய்ந்துபோகாமலிருக்க அறையில் 70 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்பார்கள். அதே ஈரத்தைத் தாள் உறிஞ்சுகிறது. ஆண்டுகள் போக, லேபிளோடு ஒட்டிக்கொள்கிறது, பூஞ்சை பூக்கிறது. ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தாலும் திராட்சைத் தோட்டத்தின் பெயரில் பாதி தாளோடு வந்துவிடும். எதைக் காக்கச் சுற்றினார்களோ அதுதான் முதலில் போகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம், பாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போவது. பழைய ஒயினின் உடல்நிலையைக் கழுத்தில்தான் பார்க்க வேண்டும். மட்டம் கழுத்திலேயே நின்றால் நிம்மதி. தோள்வரை இறங்கியிருந்தால் தக்கை வழியே காற்று புகுந்திருக்கலாம். மூடியடியில் பிசுபிசுப்பான கசிவு தெரிந்தால் சீக்கிரம் திறந்துவிடுவது மேல். தாள் இந்த அடையாளங்களை எல்லாம் மூடிவிடுகிறது.

நிறமற்ற பாட்டில் என்றால், திறக்கும் நாள்வரை தாள் இருக்கட்டும். பச்சைக் கண்ணாடியில் வந்த சிவப்பு ஒயினைப் பத்தாண்டு இருட்டில் வைக்கப்போகிறவர் முதல் நாளே தாளைக் கழற்றிவிடலாம். லேபிள்மேல் அக்கறை உள்ளவர்கள் சமையலறை பிளாஸ்டிக் படலத்தை வயிற்றுப் பகுதியில் மட்டும் சுற்றி, கழுத்தைத் திறந்து வைக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.