பூச்சியைக் கொல்வது பாவமா?



ஆலயத்துக்கு வரும் அன்பர்களில் மண்ணோடு தொடர்புள்ளவர்கள் இன்றும் உண்டு. யாங்கோனைச் சுற்றியுள்ள கிராமங்களிலும், பகோ (பழைய பெகு) பகுதியிலும், ஐராவதி டெல்டாவிலும் நெல்லும் உளுந்தும் பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. நகரத்தில் இருப்பவர்களும் வீட்டுக்குப் பின்புறம் நாலு கத்தரிச் செடி, ஓர் அவரைப் பந்தல், கொஞ்சம் புளிச்சக்கீரை என்று போட்டு வைக்கிறார்கள். இவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "கார்த்திகைக்கும் பிரதோஷத்துக்கும் மரக்கறி உண்டு விரதம் இருக்கிறோம். மறுநாள் காலையில் தோட்டத்தில் மருந்து அடித்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொல்கிறோம். இது என்ன நியாயம்?"

கேள்வி நியாயமானதே. இதற்குச் சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. "பூச்சிதானே, அதற்கென்ன பாவம்" என்பது ஒன்று. "எதையும் கொல்லாதே, விளைவதை உண்" என்பது மற்றொன்று. இரண்டுமே நம்மைச் சிந்திக்க விடாத பதில்கள். பெரியோர்கள் இவ்விரண்டில் எதையும் சொல்லவில்லை.

வள்ளுவப் பெருமான் கொல்லாமைக்கு 33ஆம் அதிகாரத்தை வைத்தார். உழவுக்கு 104ஆம் அதிகாரத்தை வைத்து, உழவரை உலகத்தாருக்கெல்லாம் ஆதாரமாகப் போற்றினார். ஒரே நூலில் இரண்டும் இருப்பதிலிருந்தே, உழவும் ஜீவகாருண்யமும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் கருதவில்லை என்பது தெரிகிறது. ஆனால் ஏர் ஓடும்போது மண்ணிலுள்ள சிற்றுயிர்கள் மடிகின்றன என்பதை நம் முன்னோர் மறைக்கவும் இல்லை. இல்லறத்தானின் வீட்டிலேயே ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்று மனு தர்ம சாஸ்திரம் கூறுகிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் என்பவை அவை. இவற்றைக் கைவிடு என்று அது சொல்லவில்லை. நீ வாழ்வதற்காகச் சில உயிர்கள் மடிகின்றன என்பதை அறிந்துகொள், அந்தக் கடனுக்கு ஈடாகத் தினமும் ஐந்து வேள்விகளைச் செய் என்று சொல்லிற்று. மற்ற உயிர்களுக்கு உணவிடும் பூத யக்ஞம் அவற்றுள் ஒன்று.

சமணர்கள் இதை இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் இம்சை வேறு, வீட்டு வேலையிலும் தொழிலிலும் தவிர்க்க இயலாமல் நேரும் இம்சை வேறு என்று பிரித்தார்கள். முதலாவதை இல்லறத்தானும் அறவே விலக்க வேண்டும். இரண்டாவதை இயன்றவரை குறைக்க வேண்டும்.

நாம் வாழும் இந்த நாட்டின் வழக்கத்தையும் பாருங்கள். வாசோ பௌர்ணமி முதல் தடின்ஜுட் பௌர்ணமி வரை மூன்று மாதங்கள் பிக்குகள் ஒரே மடாலயத்தில் தங்குகிறார்கள். மழைக்காலத்தில் துறவிகள் ஊர் ஊராக நடந்து இளம் பயிரையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்கள் என்று மக்கள் குறை கூறியதால்தான் புத்தர் பிரான் இந்த விதியை ஏற்படுத்தினார் என்பது விநய பிடகம் கூறும் வரலாறு. பிக்கு மண்ணைத் தோண்டவும் கூடாது. ஆனால் அவருடைய பிட்சா பாத்திரத்தில் விழும் சோறு, யாரோ ஒருவர் மண்ணைத் தோண்டி விளைவித்ததுதானே. அந்தப் பொறுப்பைச் சுமப்பவர் உழவர். ஆகவே "கொல்லலாமா, கூடாதா" என்று உழவரிடம் கேட்பது போதாது. எதை, எவ்வளவு, எதற்காக, யாருக்கு என்ன கேடு வருமென்று அறிந்து செய்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த இடத்தில் வயலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நெல் வயலில் பறப்பதும் ஊர்வதும் எல்லாம் நெல்லின் விரோதிகள் அல்ல. ஓநாய்ச் சிலந்தி என்று ஒன்று உண்டு. வலை கட்டாது, நீர்மட்டத்தருகே நெல் தூர்களிடையே ஓடி ஓடி இரை பிடிக்கும். ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சிகளை அது தின்னும். தட்டானும் பொறிவண்டும் அப்படியே. இவை கூலி கேட்காத காவற்காரர்கள்.

புகையான் என்ற பூச்சியை நெல் பயிரிட்டவர்கள் அறிவார்கள். தூரின் அடியில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தது போலக் காய்ந்துபோகும். கண்டதும் மருந்து அடிப்பதுதான் வழக்கம். ஆனால் புகையான் தன் முட்டைகளை இலையுறைத் திசுக்களுக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டுவதில்லை. வெளியில் இருக்கும் சிலந்திகள் மட்டும் மடிகின்றன. சில நாட்களில் குஞ்சுகள் பொரிந்து வரும்போது அவற்றைத் தின்ன யாரும் இல்லை. அடித்தவர் மறுபடி அடிக்கிறார், பூச்சி மறுபடி பெருகுகிறது. யூரியாவை அள்ளிப் போட்டு, நாற்றையும் நெருக்கி நட்டிருந்தால் புகையானுக்கு இன்னும் கொண்டாட்டம்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1970களிலும் 1980களின் நடுவிலும் அங்கே புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது. மருந்துக்கு அரசே மானியம் கொடுத்து வந்த காலம் அது. 1986 நவம்பரில் அந்நாட்டு ஜனாதிபதி, நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்து ஆணையிட்டார். பின்னர் மானியமும் நிறுத்தப்பட்டது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவர்கள் வாரம் ஒரு முறை வயலில் இறங்கி, எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்று எண்ணிப் பார்த்து, அதன் பிறகே என்ன செய்வதென்று தீர்மானித்தார்கள். மருந்து குறைந்தது. விளைச்சல் குறையவில்லை.

அந்த உழவர்கள் அகிம்சாவாதிகளாக மாறிவிடவில்லை. அவர்கள் பார்க்கத் தொடங்கினார்கள், அவ்வளவே. தேவையில்லாமல் மடிந்துகொண்டிருந்த உயிர்கள் அதனாலேயே பிழைத்தன. ஜீவகாருண்யம் என்பது மனம் இளகுவது மட்டுமல்ல. நின்று, குனிந்து, பார்த்து, அறிந்துகொள்வதும் அதில் அடங்கும். பாராமல் செய்யும் கொலையில்தான் பாவம் அதிகம் என்று துணிந்து சொல்லலாம். ஏனெனில் அதில் நமக்குக் கெடுதல் செய்யாத உயிர்களும், நமக்கு நன்மை செய்த உயிர்களும் சேர்ந்தே போகின்றன.

"ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவதே புண்ணியம் அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். அதுவும் சரியல்ல. மழைக்கால நெல் அறுவடையானபின் மண்ணில் மிஞ்சும் ஈரத்தில் இங்கே உளுந்து விதைக்கிறோம். அந்த உளுந்து கப்பலேறிச் சென்று சென்னையில் இட்லியாகிறது. உளுந்துக்கு வரும் மஞ்சள் தேமல் நோயை வெள்ளை ஈ செடிக்குச் செடி பரப்புகிறது. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிக்க வேண்டும். "பாவம், பச்சைச் செடி" என்று விட்டால் நம் வயலோடு அடுத்தவர் வயலும் போகும். கடன் வாங்கி விதைத்த அண்டை வீட்டுக்காரர் என்ன செய்வார்? நம் இரக்கத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டுமா?

இயற்கையான மருந்தென்றால் தோஷமில்லை என்று எண்ணுவோரும் உண்டு. புகையிலைக் கஷாயமும் இயற்கையானதுதான். அதிலுள்ள நிகோட்டின் கடும் விஷம், நல்ல பூச்சிகளையும் கொல்லும், தெளிப்பவரையும் பாதிக்கும். கடையில் வாங்கியதா, வீட்டில் காய்ச்சியதா என்பதைக் கொண்டு தர்மம் தீர்மானமாவதில்லை.

குறி பார்த்துச் செய்யும் செயலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம் சொல்லலாம். 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவிப் பெருநஷ்டம் உண்டாக்கிற்று. மருந்துகள் பலிக்கவில்லை. அதன் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதும் ஒரு காரணம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு வகைச் சிறு குளவியைத் தருவித்து, சோதித்துப் பார்த்து வெளியே விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும், அந்தப் பூச்சி அழியும். சில மாதங்களில் தொல்லை அடங்கிற்று. இதுவும் கொலைதான், நாம் ஏற்பாடு செய்த கொலை. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கெடுதல் செய்த ஒன்றை மட்டுமே அது தொட்டது.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காய்கறி பயிரிடும் இடங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. சந்தைக்குப் போகும் பாத்திகளுக்கு மருந்து அடிப்பார்கள். ஓரத்தில் ஒரு சிறு பாத்தி மட்டும் மருந்து படாமல் இருக்கும். கேட்டால், "அது வீட்டுக்கு" என்பார்கள். பூச்சியைக் கொன்ற பாவத்தைப் பற்றிக் கவலைப்படும் நாம், இந்த இரண்டாவது பாத்தியைப் பற்றிக் கவலைப்படுகிறோமா? தன் பிள்ளைக்கு ஆகாது என்று அறிந்ததை அடுத்தவர் பிள்ளைக்கு விற்பது எந்த சாஸ்திரத்தில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது?

மருந்துக் குழாயை முதுகில் சுமக்கும் கூலியாளையும் நினைக்க வேண்டும். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்கள் மீது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, 2000ஆம் ஆண்டு வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளிக்கப்பட்டது. தேயிலைக் கொசுவைக் கொல்வதுதான் நோக்கம். சுற்றியிருந்த கிராமங்களில் ஊனத்தோடும் நோயோடும் பிள்ளைகள் பிறந்தன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது, உலக நாடுகளும் அதே ஆண்டில் அதை விலக்க உடன்பட்டன. அங்கும் யாரும் மனிதருக்குத் தீங்கு செய்ய நினைக்கவில்லை. எங்கே போய் விழுகிறது என்று பார்க்கவில்லை.

உழவரை மட்டும் குற்றம் சொல்வது தகாது. பயிர் போனால் அவருக்குக் கடன் மட்டுமே மிஞ்சும். பயத்தில் அடிப்பவரிடம் உபதேசம் எடுபடாது. அவருக்கு வேண்டியது வழி. கத்தரியில் வாடித் தொங்கும் குருத்தைப் புழுவோடு கிள்ளி எரித்துவிட்டால், காய்க்குள் புழு புகுவது பெரிதும் குறையும். ஒரே பயிரை ஒரே பாத்தியில் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றிப் போடலாம். வேப்பங்கொட்டைச் சாறு பல புழுக்களுக்குப் போதும். எல்லாம் தவறி மருந்துதான் கதி என்றால், முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு, சீட்டில் எழுதிய அளவில் அடித்து, அதில் குறித்த நாட்கள் கழிந்த பிறகே பறிக்க வேண்டும். நாளைக்குச் சந்தை என்று இன்று மாலை அடிப்பதை மட்டும் எந்த நிலையிலும் செய்யலாகாது.

கடைசியாக, வாங்குகிறவர்களாகிய நம்மைப் பற்றி. சந்தையில் கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு துளை இருந்தால் ஒதுக்கிவிடுகிறோம். கத்தரிக்காய் பளபளவென்று இருக்க வேண்டும். சுவாமிக்குச் சாத்தும் வெற்றிலையில் ஒரு புள்ளி கூடாது. இப்படிக் கேட்டுக் கேட்டே உழவர் கையில் மருந்துக் குழாயைக் கொடுத்தவர்கள் நாம். விரத நாளில் இலையில் விழும் கீரைக்காக எத்தனை உயிர் போயிற்று என்ற கணக்கில் நம் பங்கும் எழுதப்பட்டிருக்கிறது. பூச்சி கொஞ்சம் தின்ற கீரையை மனமுவந்து வாங்குவது நமக்குப் பெரிய தியாகமல்ல. அந்த உயிர்களுக்கும், கூலியாளுக்கும், உண்ணும் பிள்ளைகளுக்கும் அது ஒருசேரச் செய்யும் நன்மை. பயிரிடும் அன்பர்களோ, வீட்டுக்கு ஒரு பாத்தி, சந்தைக்கு ஒரு பாத்தி என்ற வேற்றுமையை இந்தப் பருவத்திலிருந்தாவது விட்டுவிட வேண்டும். தாம் உண்ணத் துணிந்ததை மட்டுமே பிறருக்கு விற்பது என்று ஒரு விரதம் எடுத்துக்கொண்டால், மற்ற விரதங்களுக்கும் அது துணை நிற்கும்.