காம்பாகிறவர் யார்?

கோதுமை மணி மடிந்து பலன் தரும் உவமையைத் தவக்கால மறையுரைகளில் கேட்டுத் தலையசைக்கிறோம். மடிய வேண்டிய மணியைத் தெரிந்தெடுத்தது யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. அக்கேள்வியை நம்முள் எழுப்பியது, வியப்பாக இருக்கலாம், கண்ணுக்குப் புலப்படாத ஓர் அமீபா.

காட்டு மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வாழும் அதனை டிக்டியோஸ்டீலியம் என்பர். நம் முதுமலைக் காட்டிலிருந்தும் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் இவ்வினத்தைப் பிரித்தெடுத்து வளர்த்துள்ளனர். பாக்டீரியா இரையாகக் கிடைக்கும்வரை ஒவ்வோர் உயிரணுவும் தனித்தே வாழும். ஆய்வுக்கூடத் தட்டில் இரை தீர்ந்ததும், பசித்த அணு ஒரு வேதிப்பொருளைக் கசியவிடுகிறது. அதை உணர்ந்த அடுத்த அணு தானும் கசியவிட்டு, வந்த திசை நோக்கி நகர்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இவ்வழைப்பு அலையலையாய்ப் பரவுகிறது. ஆயிரக்கணக்கான அணுக்கள் கூடி, ஓருடலாய் ஊர்ந்து, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு காம்பாகவும் அதன் உச்சியில் வித்துத் திரளாகவும் எழுகின்றன. மிகுதியாக ஆராயப்பட்ட இனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அணுக்கள் காம்பாகி மடிகின்றன. எஞ்சியவை வித்தாகிப் பிழைக்கின்றன.

எத்துணை அழகிய தியாகம் என்றெழுத நம் பேனா துடிக்கிறது! ஆனால் 1973-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைத் தடுக்கிறது. சர்க்கரை கலந்த ஊட்டத்தில் வளர்ந்த அணுக்களையும் சர்க்கரையின்றி வளர்ந்தவற்றையும் ஒன்றாகக் கலந்து பட்டினி போட்டனர். சர்க்கரையில் வளர்ந்தவை பெரும்பாலும் வித்தாயின, ஏனையவை காம்பாயின.

அமீபாவுக்கு மனமில்லை, ஆகவே அதற்குப் பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. நமக்கு உண்டு. இயேசு பெருமானின் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமே மனமுவந்து கையளித்தார் என்பது நம் விசுவாசம். மறுக்க முடிந்தவர் கொடுத்ததாலேயே அது பலி. மறுக்க வழியற்றவனின் சாவுக்கும் அதே சொல்லைச் சூட்டினால், அவனுடைய பசிக்கு நாம் ஒப்புவிக்க வேண்டிய கணக்கை அழித்துவிடுகிறோம்.

2015 ஏப்ரல் 7. உயிர்ப்புப் பெருவிழா முடிந்து இரண்டே நாள். திருப்பதியை அடுத்த சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி, 20 பேரை ஆந்திரக் காவல்துறையினர் சுட்டுக் கொன்றனர். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். அம்மலையில் மானாவாரிச் சாமை விளைகிறது. அது ஆண்டு முழுவதற்கும் போதாமல் கூலி தேடி மலையிறங்குவோர் பலர். குடும்பத்துக்காக உயிரையே கொடுத்தார்கள் என்று நாம் இரங்கினோம். கொடுத்தார்களா? பிழைக்க வேறு வழி இருந்து, அதை வேண்டாமென்று விட்டா அவர்கள் மலையிறங்கினர்?