தேய்ந்த பாறையும் தேய்ந்த கைகளும்

சென்ற கோடையில் பங்குமக்களோடு மாமல்லபுரம் சென்றிருந்தேன். ‘கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டை’ என மக்கள் அழைக்கும் பாறை, சரிவான பாறைத் தளத்தின்மேல், இதோ உருண்டுவிடும் என்பதுபோல் நிற்கிறது. உயரம் சுமார் 6 மீட்டர். எடை ஏறக்குறைய 250 டன் என மதிப்பிடுவர். சுற்றிலும் பல்லவச் சிற்பிகளின் கைவண்ணம். இதை மட்டும் எந்த உளியும் செதுக்கவில்லை. கருங்கல்லின் வெடிப்புகளில் நீர் இறங்கி, விளிம்புகளைச் சிதைத்து, எண்ணற்ற ஆண்டுகளில் உருட்டிய வடிவம் அது.

பாறையைத் தடவிப் பார்த்த கைம்பெண் ஒருவர், “நானும் இப்படித்தான் தேஞ்சுபோயிட்டேன் சாமி” என்று தம் உள்ளங்கைகளைக் காட்டினார். நாற்று நட்டே மூன்று பிள்ளைகளை ஆளாக்கிய கைகள்.

ஆறுதல் ஒன்று நாவின் நுனிவரை வந்தது. நம் தஞ்சை வண்டலும் தேய்ந்த பாறைதானே! குடகு முதல் வழிநெடுக மழை அரித்த துகள்களைக் காவிரி சுமந்துவந்து பரப்பியதால் அன்றோ நெல் விளைகிறது! “உம் தேய்வும் வீணாகவில்லை, அம்மா” எனச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

பாறைக்கு வலியில்லை, விருப்பமும் இல்லை. அவருக்கோ இரண்டும் உண்டு. பிள்ளைகளுக்காக அவர் தேய்ந்தது அன்பு. அரைக்கூலி கொடுத்து அவரைத் தேய்த்தது அநீதி. இரண்டையும் தியாகம் என்னும் ஒரே போர்வையால் மூடுவது பாவம். மண்ணில் மடியும் கோதுமை மணியைப் பற்றிப் பேசிய ஆண்டவர், தம்மையே கையளித்தார். பிறரை மடியச் செய்யும் உரிமையை எவருக்கும் வழங்கவில்லை.

அன்பர்களே, எவருடைய கை தேய்ந்து நம் தட்டில் சோறு விழுகிறது? அக்கையைப் புகழுமுன், அதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டோமா?