அந்த நீலத் துண்டு

ஆரணியில் நண்பர் ஒருவரின் அம்மா தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். பட்டு நெசவு ஊர். பல தெருக்களில் நடந்தாலே தறிச் சத்தம் கேட்கும். அவர்கள் வீட்டுத் தறி மட்டும் அன்று சும்மா கிடந்தது.

வந்தவர்கள் எல்லோரும் அந்த அம்மாவைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார்கள். “எத்தனை பேர் வந்தாலும் முகம் சுளிக்காம சோறு போடும்.” “மூணு பிள்ளைங்களையும் ஆளாக்கிடுச்சு.” “புருஷனை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல.”

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று பிரிக்கிற புத்தி போகவில்லை. கேட்கக் கேட்க ஒன்று உறைத்தது. சொன்னதெல்லாம் நமக்கு வந்த வரவு. அந்த அம்மாவின் சொந்தக் கணக்கில் என்ன இருந்தது? அதை யாருமே பேசவில்லை.

நண்பரின் அப்பா தறியைத் தொட்டுக் காட்டினார். “நெய்தது நான்தான் தம்பி. ஆனா, தார் சுத்தினது அவ. புதுப் பாவு வந்தா, பழைய இழையோட ஒவ்வொண்ணா சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைச்சது அவ. ஆயிரக்கணக்கான இழை. கடையில சேலைக்கு ஆரணிப் பட்டுன்னு பேரு. என் பேரே இல்ல. அவ பேரு எங்கேர்ந்து வரும்?”

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்க நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர். நூற்றுக்கு 72 பேர் பெண்கள். ஆனால், ‘நெசவாளி’ என்றதும் நம் மனசில் வருவது தறியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆண்தான்.

பிறகு பெரியவர் ஒரு போர்வையை எடுத்து வந்தார். பழைய புடவைகளை அடுக்கி, மேலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு அந்த அம்மா கையால் தைத்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தைப்பாராம். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அடையாளம் சொன்னார்கள். “இது என் பாவாடை.” “இது அண்ணனோட அரை டிராயர்.” “இது அப்பா சட்டை.”

நடுவில் உள்ளங்கை அளவு ஒரு நீலத் துண்டு. யாருடையது? மூன்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஏழைக் கறுப்பினப் பெண்கள் பழந்துணியில் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் மாட்டப்பட்டன, தைத்தவர்களின் பெயரோடு. அவர்களில் ஒருவர் மிசௌரி பெட்வே. கணவர் இறந்த பிறகு, அவர் வேலைக்குப் போட்டுப்போன உடுப்புகளைப் பிரித்து 1942-ல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைக்க, அதையே போர்த்திக்கொள்ள. அந்தத் துணியெல்லாம் யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஆரணிப் பெரியவர் கையிலும் போர்வை இருக்கிறது. அதில் ஒரு துண்டு மட்டும் தெரியவில்லை.

நன்றி வேறு, நினைவு வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் நமக்கு என்ன செய்தார் என்பது நன்றி. அவர் யார் என்பது நினைவு. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதையும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ‘குடும்பத்துக்கு உழைச்சதுதான் சார் அவங்களுக்குச் சந்தோஷம்’ என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால், அதைக்கூட அவரிடம் யாரும் கேட்டதில்லையே!

கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்தார். “நாப்பத்திரண்டு வருஷம் தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பா” என்றார்.

பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். “ஏம்மா, சின்ன வயசுல உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“என்னடா... உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றாள்.