கிணற்றுக்குப் பட்ட கடன்

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் செய்த மாசு பற்றி 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வெட்கப்படாமல் படித்து முடிக்க முடியாது. இதே கரைக்காக, இதே நீதிமன்றத்தில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற நெறி இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அது அறிவித்தது. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்தால் மட்டும் போதாது, கெட்டுப்போன மண்ணையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் மாசு செய்தவர் தலையில்தான் என்று அத்தீர்ப்பு தெளிவாகவே சொன்னது. அன்று பிறந்த குழந்தை இன்று தன் குழந்தைக்குச் சோறூட்டுகிறது. தண்ணீர் திரும்பவில்லை.

ஊரின் குடிநீரைக் கெடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டால் கடன் தீர்ந்ததா? தீராது. கெடுத்தது தண்ணீர் என்றால் திருப்பித் தர வேண்டியதும் தண்ணீர்தான். ஆலையைப் பூட்டினாலும், முதலாளி மாறினாலும், தலைமுறையே மாறினாலும் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று 1970-களில் அங்கே தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. இரண்டு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவை அது திறந்த வெளியில் குவித்துவிட்டுப் போனது. ஆலை மூடி இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் குவியல் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் அதன் அடிவாரத்தில் மஞ்சள் நீர் தேங்கும். கண்ணுக்கு அழகான, எலுமிச்சைச் சாறு போன்ற மஞ்சள். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தின் நிறம் அது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்த நஞ்சு. எளிதில் கரைந்து, நிலத்தடி நீரோடு நெடுந்தூரம் போகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அவ்வளவு குறைந்த அளவில் நாக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

வீடுகளில் தெரிவதெல்லாம் ஆலைக் கழிவோடு வரும் உப்புதான். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குடத்தின் கழுத்தில் வெள்ளையாகப் படிந்ததைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு என்றால் தாய் என்ன செய்வாள்? தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். கிருமி சாகும், குரோமியம் சாகாது. நீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சும் நீரில் நஞ்சின் செறிவு கூடவே செய்யும். அவள் அக்கறையோடு செய்யும் காரியமே அவளுக்கு எதிராகத் திரும்புகிறது. ஒரு தாயின் கவனத்தைக்கூடப் பயனற்றதாக்கிவிடும் இந்தச் செயலை வெறும் விதிமீறல் என்று அழைத்துத் தப்பிக்க முடியுமா?

வேலைவாய்ப்பு என்ற வாதம் எழும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணி தைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் வருகிறது. மறுக்கவில்லை. ஆனால் பசியைக் காரணம் காட்டிப் பழியைச் செய்யலாமா என்று வள்ளுவரிடம் கேட்டுப் பார்க்கலாம். வினைத்தூய்மை அதிகாரத்தில், பெற்ற தாயே பட்டினி கிடக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலுக்கு இறங்காதே என்கிறார் அவர். தாயின் பசிக்கே தராத விலக்கை ஏற்றுமதிக்கு எப்படித் தருவது? பிறரை அழவைத்துச் சேர்த்த பொருள் தானும் அழவைத்தே போகும் என்பதும், வஞ்சகத்தால் பொருள் சேர்த்துக் காப்பது சுடாத மண்கலத்தில் நீரை ஊற்றி வைப்பது போன்றது என்பதும் அதே அதிகாரத்தில்தான். மேலும், ஆலைத் தொழிலாளி குடிப்பதும் அதே ஊர்த் தண்ணீரைத்தான். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தபோது, உறக்கத்திலேயே அதில் மூழ்கி இறந்த 10 பேரும் வேலைக்கு வந்தவர்கள். வேலைவாய்ப்பின் பெயரால் பேசுகிறவர்கள் அந்த இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீரைத் தமிழ் அறம் எந்த இடத்தில் வைத்தது? திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து மழை வருகிறது. திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித்தான் இளங்கோ தன் காப்பியத்தைத் தொடங்குகிறார். புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்ன அறிவுரை இன்னும் கூர்மையானது: நீரை நிலத்தோடு சேர்த்துத் தேக்குகிறவன் உடலையும் உயிரையும் படைத்தவன் ஆகிறான். அப்படியானால் அந்த நீரில் நஞ்சைச் சேர்க்கிறவன் யார்? அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார் என்கிறது பெரியபுராணம். ஒரு கன்றின் உயிருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் அதே நூல்தான் நமக்குத் தருகிறது. அவன் பசுவுக்கு ஈட்டுத்தொகை அனுப்பிவிட்டு அரண்மனைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

நிலத்தின் இழப்பை ஏக்கர் கணக்கில் எழுதலாம். 1996 தீர்ப்புக்குப் பின் அமைந்த ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிட்டது. வேண்டிய பணிதான். ஆனால் நிலமே இல்லாமல், தெருக் கிணற்றில் மட்டும் குடித்தவரின் உடம்பில் போனதை எந்தப் பட்டாவைக் காட்டி அளப்பது? இன்று வேலூர்ப் பகுதிக் குழாய்களில் மேட்டூர்ப் பக்கமிருந்து காவிரி வருகிறது. மணலைக் கையால் தோண்டினாலே ஊற்றெடுத்த பாலாற்றின் கரையில் நின்று காவிரி நீரைக் குடிக்கிறோம். அதற்கான செலவு பொதுமக்களின் வரிப்பணம். மாசு செய்தவரின் கடனை மாசுபட்டவரே அடைக்கிற கொடுமை இது.

2025 தீர்ப்பு, அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசு செய்தவர்களிடம் வசூலிக்கட்டும் என்கிறது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழுவும் அமைக்கச் சொல்கிறது. அந்தக் குழு ரூபாய்க் கணக்கோடு கிணற்றுக் கணக்கையும் எடுக்க வேண்டும். எந்த ஊர், எந்தக் கிணறு, இந்த மாதம் எவ்வளவு உப்பு, எவ்வளவு குரோமியம் என்று ஊராட்சி அலுவலக வாசலில் பலகை வைத்துத் தமிழில் எழுதிப்போட வேண்டும். அந்தப் பலகையின் முதல் வரியில் ராணிப்பேட்டைக் குவியலின் அடிவாரக் கிணறுகள் இருக்கட்டும்.