முரீதின் குற்றத்தில் ஷைகின் பங்கு

1943 மார்ச் 20 அன்று, சிந்து மாகாண ஹைதராபாத்தில் சூஃபி ஷைகான (ஞானகுருவான) பீர் பகாரா சிப்கத்துல்லா ஷா தூக்கிலிடப்பட்டார். அப்போது பூனாவில் ஆகா கான் மாளிகையில் காந்தி காவலில் இருந்தார். 21 நாள் உண்ணாநோன்பை அம்மாதத் தொடக்கத்தில்தான் முடித்திருந்தார். பின்பற்றுவோர் செய்த வன்முறைக்குத் தலைவனே பொறுப்பு என்ற பழியை ஆங்கில அரசு இருவர்மீதும் சுமத்தியது.

பீர் பகாரா 1941இலேயே கைதாகிவிட்டார். அவருடைய முரீதுகளான (சீடர்களான) ஹூர்கள் 1942 மே மாதம் லாகூர் மெயிலைத் தடம்புரட்டினார்கள். மாண்டவர்களில் பயணிகள் பலர். அந்தப் பாவம் யாரைச் சேரும்?

அரசுக்கு அதில் பங்குண்டு. தமிழகத்தின் பெருங்காமநல்லூர் மக்கள் உயிர்கொடுத்து எதிர்த்த அதே குற்றப்பரம்பரைச் சட்டத்தால்தான் ஹூர்களையும் பிறவிக் குற்றவாளிகளாக்கியிருந்தது. தடுத்துச் சொல்லக்கூடிய ஒரே குரலைச் சிறையில் பூட்டிவிட்டு, கட்டுப்பாடு குலைந்தது என்று குறைசொல்லும் தகுதி அதற்கில்லை.

ஆனால் ஆள்வோரின் குற்றம் அந்தப் பயணிகளின் உயிருக்கு ஈடாகாது. பைஅத் (குருவுக்கான உறுதிமொழி) கொடுத்த முரீது தன் நஃப்ஸை (கீழான மன இச்சையை) அடக்கவே ஷைகிடம் தன்னை ஒப்படைக்கிறான். அந்த ஒப்படைப்பைப் படைதிரட்டப் பயன்படுத்தும் தலைவருக்குச் சாதாரணத் தளபதியைவிடக் கடமை கூடுதல். எதிர்ப்பதற்குக் கற்பிக்கும்போதே எதைச் செய்யக்கூடாது என்பதையும் அவர் கற்பித்தாக வேண்டும். ஏனெனில் நாளை அவர் அருகில் இருக்கமாட்டார்.

இப்படி எல்லை வகுத்து எதிர்ப்பது நடவாத காரியமல்ல. காதிரிய்யா தரீக்காவை (சூஃபி நெறியை) சேர்ந்த அமீர் அப்துல் காதிர், 1832 முதல் 1847 வரை அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்தார். உணவளிக்க முடியாதபோது போர்க்கைதிகளை விடுவித்தார். 1860இல் டமாஸ்கஸ் கலவரத்தில் ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைத் தம் ஆட்களைக் கொண்டே காத்தார். கிறித்தவ அரசு தம் நாட்டைப் பறித்ததற்காக, அந்தக் கிறித்தவர்களிடம் அவர் பழிதீர்த்துக்கொள்ளவில்லை.

அந்நிய ஆட்சியை எதிர்த்த சூஃபிகளின் துணிவைப் போற்றுவோம். தூக்குமேடை ஏறியவரை மறக்கவேண்டாம். ஆயினும் ஒரு தரீக்காவின் எதிர்ப்பை அதன் தியாகத்தால் மட்டும் எடைபோடுவது போதாது. ஷைகு கண்ணில் படாத இடத்தில், எளியவன் உயிர் தன் கையில் சிக்கும்போது முரீது என்ன செய்கிறான் என்பதே அவர் கற்பித்ததன் அளவுகோல்.